விடுப்பு என்றால் ஏன் இத்தனை பயம்?

வணக்கம் மேடம். எனக்கு வயது 44. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பொறுப்பான வேலையில் இருக்கிறேன். என் அளவுக்கு உழைக்கிறவர் அங்கே யாருமில்லை, பெருமைக்காகச் சொல்லவில்லை. காலையில் முதல் ஆளாகப் போவேன், கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு வருவதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமையும் லேப்டாப் திறந்தே இருக்கும். ஆனால் பதவி உயர்வு கிடைத்தது, ஆறு மணி ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஜூனியருக்கு! கேட்டால், அவர் டீமை நன்றாக நடத்துகிறாராம், நான் யாரையும் நம்பி வேலை கொடுப்பதில்லையாம். கொடுத்தால் தப்பும் தவறுமாகச் செய்கிறார்கள், கடைசியில் நான்தானே திருத்த வேண்டும்?

வீட்டிலும் நல்ல பேர் இல்லை. சாப்பிடும்போது போனைப் பார்த்தால் மனைவிக்குக் கோபம். இவர்களுக்காகத்தானே உழைக்கிறேன்? சரியாகத் தூங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், அது எல்லோருக்கும் இருப்பதுதான். ஆபீஸில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 160/100 என்று வந்தது, டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். மனைவியிடம் சொல்லவில்லை, சொன்னால் லீவு போடச் சொல்வாள். அதை விடுங்கள். இத்தனை வருட உழைப்புக்கு மதிப்பே இல்லையா? அந்த ஜூனியருக்குக் கீழே எப்படி வேலை பார்ப்பது? வேறு கம்பெனிக்குப் போய்விடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரத்த அழுத்தத்தைப் பற்றி எழுதிவிட்டு "அதை விடுங்கள்" என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. 160/100 என்று கேட்டால் பக்கவாதம், மாரடைப்பு என்றுதான் யாருக்கும் முதலில் பயம் வரும். உங்களுக்கோ, லீவு போடச் சொல்லிவிடுவார்களே என்று பயம் வந்திருக்கிறது. நோயைக் காட்டிலும் ஓய்வு ஒருவருக்கு ஆபத்தாகத் தெரிகிறது என்றால், அதைக் கடின உழைப்பு என்று சொல்லி என்னால் கடந்துபோக முடியாது. குடிப்பவர் பாட்டிலை மறைப்பதுபோல, நீங்கள் பரிசோதனை முடிவை மறைத்திருக்கிறீர்கள்.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல், வேலைக்கு அடிமையாவதை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். வேலை செய்ய விடாமல் தடுத்தால் பதற்றமாகிறதா? உடல்நலம் கெடும் அளவுக்கு வேலை செய்கிறீர்களா? குற்ற உணர்வையும் கவலையையும் அடக்கத்தான் வேலையில் மூழ்குகிறீர்களா? இவையும் அந்த ஏழில் உண்டு. முதல் இரண்டுக்கும் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. மூன்றாவதை நீங்கள்தான் தனியாக உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும். கையில் வேலை இல்லாத ஒரு மாலையில் உங்களுக்குள் என்ன எழும்புகிறது? எதைக் கேட்காமல் இருப்பதற்காக லேப்டாப்பைத் திறக்கிறீர்கள்?

தூக்கமின்மையும் எரிச்சலும் எல்லோருக்கும் இருப்பதுதான் என்று தள்ளிவிடாதீர்கள். மனம் வேலையை விட்டு இறங்காதபோது உடலும் இறங்குவதில்லை. இரவில் தானாகக் குறைய வேண்டிய ரத்த அழுத்தம், தூக்கம் கெட்டால் சரியாகக் குறையாது. உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம். உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். கணக்கு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஜூனியர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. ஆறு மணிக்குக் கிளம்புவது குற்றமல்ல. பிறரை நம்பி வேலையை ஒப்படைக்கவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு வலிக்கிறது, புரிகிறது. ஆனால் வேறு கம்பெனிக்குப் போனாலும் கடைசியில் விளக்கை அணைப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அப்புறம், "இவர்களுக்காகத்தானே" என்கிறீர்கள். சாப்பிடும்போது போனை வைத்துவிடுங்கள் என்பதுதானே உங்கள் மனைவி கேட்டது?

இன்றைக்கே அவரிடம் அந்த 160/100ஐச் சொல்லுங்கள். கோபப்படுவார், படட்டும். டாக்டரிடம் அவரையும் அழைத்துப் போங்கள், உங்கள் வேலை நேரத்தை அவரே சொல்லட்டும், நீங்கள் குறைத்துச் சொல்லிவிடுவீர்கள். மருந்து கொடுத்தால் தவறாமல் சாப்பிடுங்கள். லீவு நாளில் லேப்டாப்பைத் திறக்காமல் இருக்கவே முடியவில்லை என்றால், ஒரு உளவியல் ஆலோசகரை நேரில் பாருங்கள். ராஜினாமா பற்றியெல்லாம் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்த பிறகு யோசிக்கலாம்.