15 நிமிடம், 16 பேர், மூன்று மொழி

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். ஸ்டோர்ஸையும் பேக்கிங்கையும் சேர்த்து 16 பேர் கொண்ட ஒரே குழுவாக்கிவிட்டார்கள். ஏழு பேர் மாநில எல்லையான வாளையாறு தாண்டி வரும் தமிழர்கள், ஏழு பேர் மலையாளிகள், இருவர் ஒடிசாக்காரர்கள். கேன்டீனில்கூடத் தனித்தனி மேசைதான். திங்கட்கிழமை மீட்டிங்குக்கு முன் 15 நிமிடம் கிடைக்கும். ஐஸ் பிரேக்கராக, அதாவது கூச்சம் போய்ப் பழக, வீடியோவில் பார்த்த ஸ்பாகெட்டி கோபுரம் கட்டும் விளையாட்டை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். விளையாட்டு நல்லதுதான். 20 ஸ்பாகெட்டி குச்சி, கொஞ்சம் டேப், நூல், உச்சியில் ஒரு மார்ஷ்மெல்லோ. ஆனால் கட்டுவதற்கு மட்டுமே 18 நிமிடம் தருவது அதன் விதி. உங்களிடம் இருப்பதே 15. அதோடு, கைவேலை தெரிந்த இரண்டு பேர் கட்டுவார்கள், மற்றவர்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பேச்சு வார்த்தை இல்லாமலே கோபுரம் எழுந்துவிடும்.

வட்டமாக நிற்கவைத்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்யச் சொல்வதும் சரிப்படாது. ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலே 16 ஆகிவிடும். தன் முறைக்குக் காத்திருப்பவர் என்ன சொல்லலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்தவர் சொன்னது காதில் ஏறாது.

ஜோடியாகப் பிரியுங்கள். முன்பின் தெரியாத இருவரை நெருங்கவைக்க முடியுமா என்று ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்விலும் ஜோடிகள்தான். லேசான கேள்வியில் தொடங்கி மெல்ல மெல்ல ஆழமாகப் போனார்கள், முக்கால் மணி நேரம். உங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. அதனால் லேசான கேள்வியிலேயே நின்றுகொள்ளுங்கள். குடும்பம், சம்பளம், கனவு, பயம் எதுவும் வேண்டாம்.

கேள்வியைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை, அது உங்கள் கேன்டீனிலேயே கிடக்கிறது. வெள்ளம் மலையாளிக்குக் குடிக்கிற தண்ணீர், தமிழருக்கு ஊரை அடித்துக்கொண்டு போவது. 'பனி' என்று போன் செய்து லீவு கேட்கிற மலையாளிக்குக் காய்ச்சல். தமிழ்ச் சூப்பர்வைசரோ பனிக்கெல்லாமா லீவு என்று கடுப்பாகிறார். 'ஞான் சாரோடு சம்சாரிச்சு' என்றால் சாரிடம் பேசினேன் என்று அர்த்தம், சம்சாரத்துக்கு அதில் வேலையில்லை. எனக்குப் பிடித்தது அவகாசம். நாம் கேட்பது கொஞ்சம் நேரம், மலையாளி காதில் விழுவது உரிமை. வேலையிடத்தில் இந்த இரண்டும் குழம்பினால் என்னாகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு தமிழர், ஒரு மலையாளி என்று ஐந்து ஜோடி. மீதி ஆறு பேரை இரண்டு மூவர் குழுவாக்கி, ஒன்றுக்கு ஒரு ஒடிசாக்காரரைச் சேருங்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று பாலக்காட்டின் எல்லைப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் அந்த மூவர் குழுக்களில் போடுங்கள். இரண்டு மொழியும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லோருக்கும் ஒரே வேலை: தமிழ், மலையாளம் இரண்டிலும் இருக்கிற, ஆனால் பொருள் மாறுகிற ஒரு சொல், அதனால் தான் முழித்த ஒரு சம்பவம். ஒடிசாக்காரர் மட்டும், இங்கே வந்து முதலில் கற்ற சொல் எது, யாரிடம் கற்றார் என்று சொன்னால் போதும். விளக்க ஒரு நிமிடம், பேச ஆறு நிமிடம். அப்புறம் ஏழு குழுவும் குழுவுக்கு அரை நிமிடத்தில் தங்கள் சொல்லை எல்லோருக்கும் சொல்லட்டும். நீங்கள் அதைச் சார்ட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். இடையில் வீணாகும் நேரத்தையும் சேர்த்தால்கூட 13 நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு ஜாக்கிரதை. சில சொற்கள் ஒரு மொழியில் சாதாரணம், இன்னொன்றில் வசவு. தமிழில் ஊர்ப்பெயரிலெல்லாம் வரும் பட்டி, மலையாளத்தில் நாய், திட்டவும் அதுவே. யாருடைய ஊரையும் வைத்து அது கிண்டலாகிவிடக் கூடாது. உச்சரிப்பைக் கேலி செய்ய ஆரம்பித்தாலும் உடனே அடுத்த ஜோடிக்குத் தாவிவிடுங்கள்.

தொடுகிற விளையாட்டும் கூடாது. பட்டுத் தெரிந்துகொண்டது இது. பல வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியில், கைகளைக் கோத்துச் சிக்கலாகி, விடாமலே பிரித்தெடுக்கும் விளையாட்டை நடத்தினேன். பெண்கள் இரண்டடி பின்னால் போய்விட்டார்கள். நேராக மெஷினிலிருந்து வந்த ஒருவர் கிரீஸ் கையை பேண்ட்டில் துடைத்தார், பார்த்தார், மறுபடியும் துடைத்தார். கடைசிவரை அந்தக் கையை அவர் நீட்டவில்லை. அன்றைக்கு ஐஸ் உடையவில்லை, இன்னும் கொஞ்சம் உறைந்தது.

உங்கள் மேனேஜர் ஓரமாகக் கைகட்டி நின்று வேடிக்கை பார்க்கிறவராக இருந்தால், அந்த நேரத்துக்கு அவரை வெளியே டீ குடிக்க அனுப்புங்கள். கலந்துகொள்வதென்றால் முதல் ஆளாகத் தான் முழித்த கதையைச் சொல்லட்டும். அவர் அசடு வழிந்ததைச் சொன்ன பிறகு மற்றவர்கள் தயங்க மாட்டார்கள். பேச விரும்பாதவரை விட்டுவிடுங்கள், சார்ட்டில் எழுதும் வேலையை அவரிடமே கொடுத்தாலும் சரி.

மீட்டிங் முடிந்ததும் சார்ட்டைச் சுருட்டி பீரோவில் வைத்துவிடாதீர்கள். கேன்டீனில் தண்ணீர் கேனுக்கு மேலே ஒட்டுங்கள், 'வெள்ளம்' முதல் வரியில் இருக்கட்டும்.