வேகம் கூடினால் காரில் 'ஊம்' என்று சத்தம் வருகிறது, கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். திறக்கச் சொல்லலாமா?

இப்போதைக்குச் சொல்லாதீர்கள். சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது என்று தெரியாமல் கியர்பாக்ஸைக் கீழே இறக்கச் சம்மதிக்கவே கூடாது. இதே சத்தம், இதே பதில், எனக்கும் நடந்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் காரின் விவரம் எதுவும் எழுதவில்லை. முன்சக்கரம் இழுக்கும் மேனுவல் கியர் கார் என்றே எடுத்துக்கொள்கிறேன், என்னுடையதும் அதுதான்.

என் காரில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் அடியிலிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பும். 80க்குப் போனால் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். வொர்க்‌ஷாப்பில் முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். 'ஆட்டமே இல்லை சார், பேரிங் நல்லா இருக்கு, கியர்பாக்ஸ்தான்' என்று முடித்துவிட்டார்கள். (பேரிங் என்பது சக்கரம் உராயாமல் சுற்றுவதற்காக உள்ளே குண்டுகள் வைத்த வளையம்.) காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரையும் மாட்டினார்கள். அதில் ஒன்றும் வரவில்லை. வராதுதான். பேரிங் தேய்ந்துபோனதைச் சொல்ல அங்கே எந்த சென்சாரும் இல்லையே.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலைக்குப் போனேன். 60இல் நான்காவது கியரில் ஓட்டிக் கேட்டேன். அதே வேகத்தில் மூன்றாவதுக்கு இறக்கினேன். இன்ஜின் சுற்று ஏறியது, ரீங்காரத்தின் சுருதி அப்படியே இருந்தது. அப்போதே இன்ஜினும், இன்ஜினோடு சுற்றுகிற கிளட்ச், இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுபோகும் உள்வரும் ஷாஃப்ட் எல்லாமும் கணக்கிலிருந்து போய்விட்டன. அவற்றில் கோளாறு இருந்தால் சுற்று ஏறும்போது சத்தமும் கூடவே ஏறியிருக்கும்.

அடுத்து நியூட்ரலில் போட்டு உருளவிட்டேன். (சாவியை அணைத்துவிட்டு இதைச் செய்யாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் தீர்ந்துபோகும்.) சத்தம் துளியும் மாறவில்லை. இங்கே ஒருவர் குறுக்கிட்டு, 'நியூட்ரலிலும் டிஃபரன்ஷியல் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது, அதை எப்படி விட்டுவிட்டீர்கள்?' என்று கேட்பார். நியாயமான கேள்வி. (கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல்.) நியூட்ரலில் சத்தம் நிற்காததை மட்டும் வைத்து டிஃபரன்ஷியலை நான் விடவில்லை. பல்சக்கரத்தின் ஊளை சுமையைப் பொறுத்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி, நியூட்ரலில் இன்னொரு மாதிரி இருக்கும். என் காரில் மூன்றிலும் ஒரே சத்தம்.

விஷயம் பிடிபட்டது ஸ்டியரிங்கில்தான். அதே வேகத்தில் மெதுவாக இடமும் வலமுமாக வளைத்து ஓட்டினேன். இடது பக்கம் திரும்பும்போது ரீங்காரம் கூடியது, வலது பக்கம் திரும்பும்போது ஏறக்குறைய அடங்கியது. இடது பக்கம் திரும்பினால் வண்டியின் எடை வலது சக்கரங்களில் போய் அழுத்தும். அப்படியென்றால் சந்தேகம் வலது பக்கத்தின் மேல். எதிர்மாறாக நடந்ததைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். இரண்டு வரிசைக் குண்டு உள்ள பேரிங்கில் எந்த வரிசை கெட்டது என்பதைப் பொறுத்து அப்படியும் ஆகலாம். அதனால் சாலையில் கேட்டதை வைத்துப் பொருளை வாங்காதீர்கள். ஜாக்கியில் ஏற்றி உறுதிசெய்த பிறகு வாங்குங்கள்.

டயரையும் விட்டுவைக்கக் கூடாது. ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயர் போடும் சத்தத்தைப் பேரிங் என்று நம்பி மாற்றியவர்கள் நிறையப் பேர். உள்ளங்கையால் டயரின் மேல்பரப்பை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பல் போலக் கையில் மாட்டினால் அந்த டயர் பாடும். சாலையின் தளம் மாறும்போது சத்தமும் மாறினால் பெரும்பாலும் டயர்தான். நான் முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றியும் ஓட்டினேன், சத்தம் இடம் மாறவில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பெல்லாம் ஸ்டெப்னி என்றால் மற்ற நான்கின் அளவிலேயே ஒரு முழுச் சக்கரம். சந்தேகப்படும் சக்கரத்தைக் கழற்றி அதை மாட்டி ஓட்டிப் பார்த்தால் டயரா இல்லையா என்று தெரிந்துவிடும். இப்போது ஒல்லியாக ஒன்றைக் கொடுத்து 80க்கு மேல் போகாதே என்கிறார்கள். சில கார்களில் அதுவும் கிடையாது, ஒரு பாட்டில் பசையும் காற்றடிக்கும் பம்பும்தான். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசையை வைத்து என்ன செய்வது? எடை குறைகிறது, டிக்கியில் இடம் கிடைக்கிறது என்று காரணம் சொல்கிறார்கள். நடுராத்திரியில் நெடுஞ்சாலையில் நிற்பவருக்கு டிக்கியில் இடம் எதற்கு? இதற்கு ஏன் யாருமே கோபப்படுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். வண்டியைச் சமதளத்தில் ஜாக்கியால் தூக்கி, கீழே ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு, ஒரு கையை சஸ்பென்ஷன் சுருளின் மேல் வைத்து மறு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். இடது பக்கச் சுருளில் ஒன்றும் இல்லை. வலது பக்கச் சுருளில் ஒரு நறநறப்பு விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தது. காதை நம்ப வேண்டாம், கையை நம்புங்கள். காரின் பாடி சத்தத்தை எங்கெங்கோ கடத்திவிடும், முன்சக்கரத்தில் கிளம்புவது பின்சீட்டுக்கு அடியில் கேட்கும். சோதனைக்கு இன்ஜினை ஓடவிட்டு சக்கரத்தைச் சுற்றவும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தை மீட்டர் காட்டுவதைப் போல இரு மடங்கு வேகத்தில் சுற்றும். இரண்டையும் தொங்கவிட்டால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்ஸிலின் ஜாயின்ட் அளவுக்கு மீறி மடிந்து, இல்லாத சத்தத்தையெல்லாம் போடும்.

திரும்பப் போய், வலது முன் பேரிங்கை மாற்றுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்றேன். ஆட்டம் இல்லையே என்ற அதே பதில். சத்தம் போடும் பேரிங்கில் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, குண்டு ஓடும் பாதையில் செதில் பெயர்ந்தாலே போதும், ஆட்டம் வருவது கடைசிக் கட்டம் என்று சொன்னேன். அரைமனதாகத்தான் கழற்றினார்கள். பிரித்துப் பார்த்தபோது உள்ளே பாதையெங்கும் குழி. மாற்றி ஓட்டியதும் வண்டி அமைதியாகிவிட்டது. கியர்பாக்ஸை யாரும் தொடவில்லை, இன்றுவரை அது நன்றாகத்தான் ஓடுகிறது.

மெக்கானிக்குகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கு நடுவே ஒவ்வொன்றையும் 80 வரை ஓட்டிப் பார்க்க அவர்களுக்கு நேரம் கொடுப்பதில்லை. 'சத்தம் வருது' என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுக்கிறோம். நீங்கள் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்தத் திருப்பத்தில் கூடுகிறது, எதைச் செய்தால் மாறவில்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் சத்தம் வேறு மாதிரி இருந்தால் சுருக்கமாக: ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக நகரும்போது 'டக் டக்' என்றால் ஆக்ஸிலின் வெளி ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். நின்ற இடத்தில், நியூட்ரலில், கிளட்சை மிதித்ததும் சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் நின்று, விட்டதும் வந்தால் கியர்பாக்ஸின் உள்வரும் ஷாஃப்ட் பேரிங்.

கியர்பாக்ஸைச் சந்தேகிக்க அதுதான் நியாயமான இடம். இன்னொன்று, ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் ஊளை வருவது, அல்லது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வந்து விட்டதும் போவது. அப்போதும் முதலில் ஆயில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மட்டும் ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்துகிற துண்டுகள் வந்தால் திறக்கச் சொல்லுங்கள்.