பசித்தவனுக்குத்தான் வெறி வருமா?

கேள்வி: மகன் நீட் தேர்வுக்குப் படிக்கிறான். "வயிறு காய்ந்தவனுக்குத்தான் ஜெயிக்கிற வெறி இருக்கும், தின்றால் தூக்கம்தான் வரும்" என்று பயிற்சி மையத்தில் சொன்னார்களாம். காலையில் சாப்பிடாமலே கிளம்பிவிடுகிறான். இதில் அறிவியல் ஏதாவது உண்டா?

பாதி உண்டு. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் மீதியை அளந்துவிடுகிறார்கள்.

நான் தங்கச்சிமடத்துக்காரன். ராமநாதபுரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் டியூசன் எடுக்கிறேன். அதற்கு முன்னால் லீவு நாட்களில் சித்தப்பா படகில் கடலுக்குப் போனவன். பசியைப் பற்றி முதல் பாடம் அங்கேதான் கிடைத்தது.

பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை சாயந்திரம் நாலு பேர் போனோம். ராத்திரிச் சாப்பாடு மட்டும்தான் கையில். விடியக்காலம் இஞ்சின் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் கடலில் ஆழம் கம்மி, நங்கூரத்தைப் போட்டு நின்றோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேறு படகே கண்ணில் படவில்லை. தண்ணீர் ஒரு கேன் இருந்தது. சோறு இல்லை.

சித்தப்பா தூக்கத்தில்கூட இஞ்சினைப் பிரித்துக் கோர்க்கிறவர். அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் ஒரே பாகத்தை மூன்று தடவை கழற்றித் துடைத்து மாட்டினார். மற்ற இருவரும் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. "பரோட்டாவ சூடா பிச்சுப் போட்டு, சால்னாவ ஊத்தி, உடனே திங்கக் கூடாது மாப்ள, செத்த நேரம் ஊற விடணும்" என்று ஒருவர் சொல்லச் சொல்ல, இல்லாத இலையை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் வெறி வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

திங்கள் காலை கடலுக்கு வந்த படகு ஒன்று பழைய சோறும் சுட்ட கருவாடும் கொடுத்தது. சித்தப்பா சாப்பிட்டார், சுருண்டு பத்து நிமிடம் படுத்தார், எழுந்தார். "அட, டீசல் லைன்ல ஏர் பிடிச்சிருக்கு" என்று ஒரு நட்டைத் தளர்த்தி ஏரை எடுத்துவிட்டார். இஞ்சின் ஓடியது. இதில் பசிக்கு எவ்வளவு பங்கு, தூக்கமின்மைக்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. ஆனால் அந்தப் பரோட்டாப் பேச்சு முழுக்கப் பசியுடையது.

அதையே ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு போட்டார். உடல் எடையில் ஏறக்குறையக் கால்வாசி போயிற்று. போருக்குப் பின் பட்டினி கிடக்கும் மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சோதனை. நல்ல காரியத்துக்கு என்று மனதாரச் சம்மதித்து வந்தவர்கள். அவர்களுக்கே படிப்பில், பேச்சில், பெண்களில் என எல்லாவற்றிலும் நாட்டம் வற்றியது. சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டை நக்கினார்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்கிறோமே, அந்தப் பத்தில் படிப்பும் ஒன்று.

நான் பாதி உண்மை என்றது எதை? பசி ஒரு உந்துதல்தான், சந்தேகமில்லை. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி. அதன் பக்கவாட்டில் ஓரிடத்தைச் சிதைத்தால் எலி சாப்பாட்டையே விட்டுவிடுகிறது என்று 1951இல் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டு பி.கே. ஆனந்த். பசி மூளையை முடுக்குகிறது, ஆனால் சோற்றின் பக்கமாக முடுக்குகிறது. அந்த வேகத்தை இயற்பியல் கணக்குக்குத் திருப்பிவிட அங்கே சுவிட்ச் எதுவும் கிடையாது.

இன்னொன்று. பசி வேறு, எழுந்து போய் எடுக்க வைக்கிற ஊக்கம் வேறு. 1995இல் சியாட்டிலில் ரிச்சர்ட் பால்மிட்டர் என்ற விஞ்ஞானியின் குழு, டோபமைன் என்ற, மூளையில் ஊக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருள் சுரக்காத எலிகளை உருவாக்கியது. தீனி பக்கத்திலேயே இருக்கும். எலி போய்த் தின்னாது. மருந்து கொடுக்காவிட்டால் பட்டினியிலேயே செத்துவிடும். வயிறு காலியாக இருந்தால் ஊக்கம் தானாகப் பிறக்கும் என்றால் அந்த எலிகள் ஓடிப்போய்த் தின்றிருக்க வேண்டும்.

"நோன்பு வைக்கிறவர்கள் பகல் முழுக்க வேலை செய்கிறார்களே" என்று கேட்பீர்கள். நியாயம். கீழக்கரையில் எனக்கு ஒரு நண்பன், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். பதினோரு மணி டீ இல்லாமல் கை ஓடாத ஆள். "முதல் மூணு நாள்தான்டா பதினோரு மணிக்கு வயிறு கூப்பிடும். அரை மணி நேரம் கண்டுக்காம இருந்தா அதுவே போயிரும். அப்புறம் மஃரிபுக்கு, சாயந்திரத் தொழுகைக்கு, கஞ்சி வர்ற நேரத்துக்குத்தான் கூப்பிடும்" என்பான். அவன் சொல்வது சரி. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி ஏறும். சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே இறங்கிவிடும். வயிறு பாத்திரம் மட்டும் இல்லை, கடிகாரமும்கூட. நோன்பாளிக்கு விடியுமுன் சஹரில் சாப்பாடு உண்டு, மாலையில் திறக்கிற நேரம் தெரியும், தெருவே கூட இருக்கிறது. எங்கள் படகில் இதில் ஒன்றுகூட இல்லை.

வயிறு நிறைந்தவன் சோம்பேறி ஆகிவிடுவான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1943இல் ஊக்கத்தைப் பற்றி எழுதிய ஆபிரகாம் மாஸ்லோ, பசி அடங்கியதும் மனிதனுக்கு அதற்கு மேற்பட்ட ஆசைகள் முளைக்கும் என்றார். தேவைகளைப் படிபடியாக அவர் அடுக்கியதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, ஆனால் இந்த இடம் சரி. காமராசர் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைக்க முதலில் சோறுதான் போட்டார். வெறியை ஏற்றிவிட்டு வரச் சொல்லவில்லை. மூக்குமுட்டத் தின்றால் கண் செருகும், அது வேறு. அதற்கு மருந்து அளவாகச் சாப்பிடுவது.

உங்கள் மகன் விஷயம். "காலையில் பசிக்கவே இல்லை" என்பானாக இருக்கும். பொய் சொல்லவில்லை, பல நாள் சாப்பிடாததால் அந்தக் கடிகாரத்தில் காலை மணி அழிந்திருக்கும். கட்டாயப்படுத்தித் திணிக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில், ஏழரை என்றால் ஏழரை, கொஞ்சமாக எதையாவது கொடுங்கள். ஒரு இட்லி போதும். எங்கள் வீட்டில் பழைய சோற்றில் மோர் விட்டு ஒரு டம்ளர். ஒன்றிரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். ஒரு நாள் ஏழேகாலுக்கு அவனே அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்ப்பான்.