பூ வேலைப்பாடுள்ள கிற்றார் ஆண்களுக்குப் பொருந்தாதா?

கிற்றார் வாங்கப் போவதாகவும், உங்களுக்குப் பிடித்துப்போனதில் சிப்பி பதித்த ஓரமும், ஒலித்துளையருகே பூவும் பறவையும் வரைந்த தகடும் இருப்பதாகவும், அது பெண்களுக்குரியது, ஆண்பிள்ளை வாசிப்பதென்றால் வெறும் மரமாகத்தான் இருக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்வதாகவும் எழுதி, அது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியல்ல. மட்டக்களப்பில் பிள்ளைகளுக்குக் கிற்றார் சொல்லிக்கொடுக்கும் நான் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். கிற்றார் கடந்து வந்த வழியை அறிந்தவர்களோ, நம்முடைய ஊர்க் கூத்துக் களரியைக் கண்ணால் பார்த்தவர்களோ இப்படிச் சொல்வதற்கு இடமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவில் 1833 முதல் கிற்றார் செய்துவரும் மார்ட்டின் நிறுவனத்தின் மாதிரிகளில் பொதுவாக எண் கூடக் கூட அலங்காரமும் கூடும். 18 என்ற எண் உள்ளது எளிமையானது. 45 என்ற எண் உள்ளதன் விளிம்பெங்கும் நீலமும் பச்சையுமாக மின்னும் அபலோன் சிப்பி பதிக்கப்பட்டிருக்கும். அந்த 45 வகைக் கிற்றார்களைக் கேட்டு வாங்கிப் புகழ்பெறச் செய்தவர்கள் யார் என்று பார்த்தால் உங்கள் நண்பர்களின் கருத்து அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். புகையிரதத்தில் பிரேக் இயக்கும் தொழிலாளியாக இருந்து பாடகரான ஜிம்மி ரொட்ஜர்ஸ் 1928இல் வாங்கிய 45 வகைக் கிற்றாரின் ஃபிரெட்போர்டில், அதாவது விரல் அழுத்தும் பலகையில், அவருடைய பெயர் சிப்பியால் பதிக்கப்பட்டிருந்தது. சபைக்கு நன்றி சொல்வதற்காக அதன் முதுகுப் பலகையிலும் 'நன்றி' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி வைத்திருந்தார். அவரைப் பின்பற்றிப் பாட வந்த ஜீன் ஓட்ரி, குதிரையும் துப்பாக்கியுமாகத் திரையில் தோன்றிய கௌபோய்ப் பாடகர். 45 வகையிலேயே உடல் பெரிதான டி-45 மாதிரியில் 1933இல் மார்ட்டின் செய்த முதலாவது அவருக்காகவே செய்யப்பட்டது, அதிலும் அவருடைய பெயர் சிப்பி எழுத்துகளில் மின்னியது. இன்னொரு கௌபோய்ப் பாடகரான ரே விட்லிக்காக 1937இல் கிப்சன் நிறுவனம் செய்த பெரிய கிற்றாரின் தகட்டில் கொடியும் பூவும் ஓடின; எஸ்ஜே-200 என்று பெயர் பெற்ற அந்த வகையைப் பின்னாளில் எல்விஸ் பிரெஸ்லியும் வாசித்தார். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பூவும் பறவையும் கொண்ட தகடு, 1960இல் கிப்சன் வெளியிட்ட ஹம்மிங்பேர்ட் மாதிரியின் வழிவந்ததாகவே இருக்கும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அந்த மாதிரியை வாசித்தவர். ஆண்மைக்கு அடையாளமாகக் கொண்டாடப்பட்ட மனிதர்கள்தாம் பூவையும் சிப்பியையும் விரும்பிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

மறுபக்கம் இதைவிடச் சுவையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பேர்பெற்ற கிற்றார்க் கலைஞராக விளங்கிய வாடா ஓல்கொட்-பிக்ஃபோர்ட் என்ற பெண்மணிக்காக மார்ட்டின் 44 என்றொரு வகையைச் செய்தது. மரமும் வேலையும் உயர்தரம். சிப்பி அலங்காரம் மட்டும் இல்லை, ஏனென்றால் அவருக்கு அந்தப் பளபளப்புப் பிடிக்கவில்லை. எளிமையைக் கேட்டவர் பெண், மினுக்கத்தைக் கேட்டவர்கள் ஆண்கள்.

எளிமையான கிற்றார்கள் பெருகியதற்கு ஆண்மை காரணமும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், டி-45 நிறுத்தப்பட்டது. 1968 வரை அது மீண்டும் வரவில்லை. டி-28 மாதிரியின் மேற்பலகையைச் சுற்றி மீன்முள் போல ஓடிய மரப்பட்டி ஜேர்மனியிலிருந்து வந்தது. போருக்குப் பின் கையிருப்புத் தீர்ந்ததும் வெறும் வெள்ளை விளிம்போடு அதை விற்கத் தொடங்கினார்கள். பிறகு வந்த தலைமுறை அந்த வெறுமையைப் பார்த்துப் பழகி, அதுவே உழைக்கும் மனிதனின் கருவி என்று எண்ணிக்கொண்டது. ஐரோப்பாவில் ஆண்களின் உடையிலிருந்து சரிகையும் பட்டும் மறைந்து கறுப்புக் கோட்டு நிலைத்துவிட்டதும் இந்த எண்ணத்துக்குத் துணைநின்றது. அதற்கு முன்னர் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன் கிற்றார் பயின்றவன். அக்காலத்துப் பாரிசில் வொபோம் குடும்பத்தார் செய்த கிற்றார்களின் விளிம்புகளில் தந்தமும் கருங்காலியும் மாறி மாறி ஓடும்.

கல்லடியிலிருந்து என்னிடம் வரும் ஒரு மாணவனுக்கு, கட்டாரில் வேலை செய்யும் தகப்பன் பூவும் பறவையும் கொண்ட தகட்டோடு ஒரு கிற்றாரை அனுப்பியிருந்தார். அவன் தகடு முழுவதையும் கறுப்பு டேப்பால் மூடிக்கொண்டு வகுப்புக்கு வந்தான்.

"ஏன் மனே இதுக்கு டேப் ஒட்டியிருக்காய்?" என்று கேட்டேன்.

"பொம்புளப் புள்ளையள்ற கிற்றார் எண்டு பகிடி பண்ணுறாங்க சேர்" என்றான்.

இருவருமாக மெதுவாக உரித்தோம். தகட்டில் மெல்லிய கோடுகளாகக் கீறி அவற்றுள் வெள்ளை நிறம் இட்டிருந்தார்கள். பறவையின் இறகில் ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது, பசை பட்ட இடத்தில் மட்டும் ஓரிரண்டு கோடுகளில் நிறம் கழன்றிருந்தது. பிள்ளையின் மனம் நோகுமளவுக்கு அதில் எந்தக் குறையையும் நான் காணவில்லை.

இத்தனைக்கும் அவனுடைய தாய்மாமன் வடமோடி என்னும் கூத்து வகையில் அரசனாக ஆடுபவர். கன்னங்குடா, சீலாமுனை போன்ற ஊர்களில் கூத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வீரம் பொங்க ஆடும் அரசனுக்குத்தான் கிரீடமும் மார்புப் பதக்கமும் வட்டமாக விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் உரியவை. மணியும் கண்ணாடியும் வெளிச்சத்தில் தெறிக்க, அவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு அவர் துள்ளி மிதிக்கும்போது, இவ்வளவு மினுக்கம் ஆம்பிளைக்கு எதற்கு என்று களரியைச் சுற்றி இருக்கும் எவரும் கேட்டதில்லை. அலங்காரம் கூடக் கூட அந்த அரசனின் மிடுக்கும் கூடுவதாகவே நம் கண் பழகியிருக்கிறது. வாத்தியத்தைப் பொறுத்தவரையிலும் இதே நிலைதான். காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் தம்முடைய யாழ் நூலை 1947இல் வெளியிட்டபோது பழந்தமிழ் யாழின் உறுப்புகளை ஆராய்வதற்குத் துணைகொண்ட பாட்டுகளில் பொருநராற்றுப்படையும் ஒன்று. அந்தப் பாட்டு யாழின் தோற்றத்தை மணப்பெண்ணை அலங்கரித்தாற்போன்றது என்று பாராட்டுகிறது. அந்த யாழை ஏந்தி வழிநடந்தவன் ஓர் ஆண். அதனால் அவனுக்கு இழுக்கு வந்ததாகப் புலவர் எண்ணவில்லை.

ஆகவே ஆணா பெண்ணா என்பதை விட்டுவிட்டு, வேலைப்பாடு நல்லதா என்று பாருங்கள். அலங்காரங்களில் சில அழகுக்கு மட்டுமே உரியவை அல்ல. ஓரத்தைச் சுற்றி வரும் பைன்டிங், பலகைகளின் வெட்டு முனையை ஈரத்திலிருந்தும் இடிபடுவதிலிருந்தும் காக்கிறது. பூ வரைந்திருக்கும் அந்தப் பிக்கார்ட் தகடு, விரலும் கம்பி மீட்டும் பிக் வில்லையும் மேற்பலகையைக் கீறாமல் தடுக்கிறது. ஆனால் மிகத் தடித்த தகடு மேற்பலகையின் அதிர்வைச் சற்று மந்தமாக்கக்கூடும் என்பதால், விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து மெல்லியதையே தெரிவுசெய்யுங்கள். ஒலித்துளையைச் சுற்றியுள்ள வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், சிப்பியின் நிறம் கோணத்துக்குக் கோணம் மாறும். அச்சடித்து ஒட்டியது மாறாது. அச்சடித்ததற்குச் சிப்பியின் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். கையிருப்புக் குறைவாக இருந்தால், சிப்பி உள்ள ஒட்டுப்பலகைக் கிற்றாரைவிட, மேற்பலகை ஒரே மரமாக உள்ள எளிய கிற்றாரையே எடுக்கச் சொல்வேன். ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தப் பலகைதான்.

வாங்கிய பின் நம் ஊர்க் காற்றையும் கருத்தில் வைத்திருங்கள். மாரியில் ஈரத்தால் உப்பிய மரம் கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் காய்ந்து சுருங்கும். பிளாஸ்டிக் பைன்டிங் காலப்போக்கில் தானும் சுருங்குவதால் கிற்றாரின் இடுப்பு வளைவில்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். அங்கே நகம் நுழையுமளவுக்கு இடைவெளி தெரிந்தால் உடனே ஒட்டக் கொடுத்துவிடுங்கள். உள்ளே வியர்வையும் தூசியும் ஏறிவிட்டால் பிறகு பசை பிடிக்காது.