அமில மழை தரையைத் தொடுவதில்லை: விண்வெளி விளையாட்டு உருவாக்க விரும்பும் மாணவனுக்கும் அவன் அம்மாவுக்கும்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ படிக்கும் மகன் நோட்டு முழுக்கக் கிரகங்களாக வரைந்து தள்ளுகிறான், விண்வெளி விளையாட்டு உருவாக்குவதுதான் தன் வேலை என்கிறான் என்று கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். அனுப்பிய பக்கங்களை நிதானமாகப் பார்த்தேன். தயவுசெய்து தடுக்காதீர்கள். பையனுக்குக் கற்பனை நன்றாக ஓடுகிறது. அதற்குக் கண்டிப்பான ஒரு வாத்தியார் தேவை. அந்த வாத்தியார் இயற்பியல்தான்.

தம்பி, ஒரு பக்கத்தில் ‘அமில மழைக் கிரகம், நனைந்தால் உயிர் குறையும்’ என்று எழுதியிருக்கிறாய். ஏன் அமிலம், எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. வெள்ளிக் கிரகத்தை எடுத்துக்கொள். அங்கே கந்தக அமில மழை மேகத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடுகிறது. தரையில் வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ், காற்றழுத்தம் பூமியைப் போல 90 மடங்கு. 1982இல் இறங்கிய சோவியத் கலம் வெனீரா 13 அங்கே 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. ஆனால் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் வெப்பமும் அழுத்தமும் மனிதன் தாங்கும் அளவுக்கு வந்துவிடுகின்றன. மேலே அமிலம், கீழே உலை. அந்த உயரத்தில் மிதக்கும் ஒரு வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் கீழே இறங்கலாம், எதை எடுத்துக்கொண்டு திரும்பலாம் என்று விளையாடுபவர் தவிக்க வேண்டும். அந்தத் தவிப்புதான் விளையாட்டு.

செவ்வாயில் புயல் வீரனைத் தூக்கி வீசுவதாக வரைந்திருக்கிறாய். அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. புயல் ஆளைச் சாய்க்காது. ஆனால் தூசு சூரியனை மறைத்துவிடும். 2018இல், சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடிய நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி அப்படித்தான் மின்சாரம் இல்லாமல் ஓய்ந்தது. ஆகவே உன் புயலில் குறைய வேண்டியது பேட்டரி.

நிலவையும் விட்டுவிடாதே. 2023இல் சந்திரயான்-3இன் கருவி தென்துருவப் பகுதியில் மண்ணுக்குள் இறங்கி அளந்தபோது, மேலே 50 டிகிரிக்கு மேல் சூடு, வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10! இதை வைத்தே விளையாட்டில் ஒரு கட்டம் (லெவல்) முழுவதையும் அமைக்கலாம்.

இனி வேலை விஷயம். விளையாட்டு நிறுவனங்கள் சான்றிதழை விட, செய்து முடித்த வேலையைத்தான் முதலில் பார்க்கின்றன. விளையாட்டை உருவாக்க உதவும் காடாட், முப்பரிமாண உருவங்கள் செய்ய உதவும் பிளெண்டர் இரண்டும் இலவச மென்பொருள்கள். பத்துக் கிரகம் வேண்டாம். வெள்ளியில் ஒரே ஒரு கட்டத்தை முழுதாகச் செய். முடித்ததும் நண்பர்களிடம் கொடுத்து, நீ வாய் திறக்காமல் அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று கவனி.

அம்மா, உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. இந்தத் துறையில் 2023, 2024 ஆண்டுகளில் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அதனால் ‘கேமிங்’ என்ற பெயருக்காக லட்சக்கணக்கில் கடன் வாங்கி ஒரு படிப்பில் சேர்க்காதீர்கள். சேர்க்கும் முன், கடைசி ஆண்டு மாணவர்கள் செய்த விளையாட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கணினிப் பொறியியலோ இயற்பியலோ படித்தால் கதவுகள் பல திறக்கும். இதே திறமை விமானப் பயிற்சிக் கருவிகளுக்கும் கட்டட மாதிரிகளுக்கும் உதவும். ஓவியக் கை இருப்பதால், ஐஐடிகளில் வடிவமைப்பு இளங்கலை படிப்பதற்கான யூசீட் தேர்வையும் அவன் எழுதிப் பார்க்கலாம். அதில் கையால் வரையும் பகுதியும் உண்டு. தேர்வு வழக்கமாக ஜனவரியில் வரும், விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும். காலாண்டு விடுமுறையிலேயே தேதியைப் பார்த்து வைத்துவிடுங்கள்.