ரிம் பெரிதாகிவிட்டது, காரை எவ்வளவு இறக்கலாம்?

17 அங்குல அலாய் மாட்டியாகிவிட்டது, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இடைவெளி உறுத்துகிறது, எந்த லோயரிங் ஸ்பிரிங் (காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்) வாங்கலாம்? வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றின் சாரம் இதுதான். ஸ்பிரிங் பெட்டியில் போட்டிருக்கும் 30, 40 என்ற எண்ணை (கார் இறங்கும் மி.மீ.) பார்த்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். டயரின் வெளி விட்டமும் ரிம்மின் ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் ஒட்டும் முகம்வரை உள்ள தூரம், சுருக்கமாக இ.டி.) கையில் இல்லாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஃபோக்ஸ்வேகன் போலோ. கம்பெனி டயர் 185/60 ஆர்15. இப்போது 205/40 ஆர்17, ரிம் 7.5ஜே (அகலம் 7.5 அங்குலம்), இ.டி. 35. ரிம் இரண்டு அங்குலம் பெரிதாகியும் இடைவெளி குறையவே இல்லை. 40 மி.மீ. ஸ்பிரிங் போடலாமா? (திருப்பூர்)

இடைவெளி குறையாதது மட்டுமல்ல, கொஞ்சம் கூடியே இருக்கும். கணக்கைப் பாருங்கள். பழைய டயரின் பக்கச் சுவர் அதன் அகலமான 185-இல் 60 சதவீதம், அதாவது 111 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 222, 15 அங்குல ரிம் 381, மொத்த விட்டம் 603 மி.மீ. புதிய டயருக்குப் பக்கச் சுவர் 82, மொத்தம் 595.8 மி.மீ. ரிம் வளர்ந்த அளவுக்கு மேலேயே ரப்பரின் உயரம் குறைந்து போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரும் 3.6 மி.மீ. தரைக்கு நெருங்கிவிட்டது, ஃபெண்டர் இடைவெளியும் அதே 3.6 கூடிவிட்டது.

டயரை 215/40 ஆர்17 ஆக்கினால் விட்டம் 603.8. கம்பெனி அளவோடு கிட்டத்தட்ட ஒன்றேதான். வெளிநாடுகளில் விற்ற போலோ ஜிடிஐ-க்கு 17 அங்குலத்தில் இந்த டயர்தான் வந்தது. ஆனால் உங்கள் சிக்கல் டயரைவிட ரிம்மில் இருக்கிறது. கம்பெனி ரிம் 6ஜே, இ.டி. 40 என்று கொள்வோம். 7.5ஜே என்றால் அகலம் 38 மி.மீ. கூடுதல், பாதி வெளியே பாதி உள்ளே: 19, 19. ஆஃப்செட் 40-லிருந்து 35-க்கு இறங்கியதால் இன்னொரு 5 வெளியே போகும். ஆக ரிம்மின் உதடு 24 மி.மீ. வெளியே வந்திருக்கிறது, உள்பக்கம் ஷாக்கை (அதிர்வுதாங்கியை) 14 மி.மீ. நெருங்கியிருக்கிறது. இந்த நிலையில் 40 மி.மீ. இறக்கினால், பள்ளத்தில் சக்கரம் மேலேறும்போது டயரின் தோள் ஃபெண்டர் விளிம்பில் போய் இடிக்கும். முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) என்பதால் மேலேறும்போது சக்கரத்தின் மேல்பகுதி சற்று உள்ளே சாயும். அது கொஞ்சம் உதவும். பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைக் குறுக்குச்சட்டம்). அங்கே அந்தச் சலுகை கிடையாது.

ரிம்மை மாற்ற முடிந்தால் 7ஜே, இ.டி. 45 பக்கம் தேடுங்கள். வெளியே கிட்டத்தட்ட 8 மி.மீ.தான் தள்ளும், உள்ளே 18 மி.மீ. எடுத்துக்கொள்ளும், எனவே ஷாக்குக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். துளை வட்டம் 5x100 (100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்), நடுத் துளை 57.1 மி.மீ.; பெரிய நடுத் துளை கொண்ட ரிம் என்றால் சரியான ஹப் ரிங் (நடுத் துளையின் இடைவெளியை நிரப்பும் வளையம்) இல்லாமல் மாட்டாதீர்கள், 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும். இருக்கிற ரிம்மே போதும் என்றால் 25 மி.மீ. ஸ்பிரிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லோட் இண்டெக்ஸையும் பாருங்கள்: பழைய டயர் 84, அதாவது ஒரு டயருக்கு 500 கிலோ. புதியது அதற்குக் குறையக் கூடாது.

40 மி.மீ. ஸ்பிரிங் போட்டால் பழைய ஷாக்கே போதும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? (மதுரை)

ஓடும். எவ்வளவு நாள், எப்படி என்பதுதான் கேள்வி. கார் நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுவதும் அமுங்கும்போது அடியைத் தாங்கும் நுரைக்கட்டை) தொடும்வரை ஷாக்குக்கு 60 மி.மீ. ஓட்டம் இருந்தது என்று வைப்போம். 40 வேண்டாம், 35 இறக்கினாலே மிச்சம் 25. ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் அடியின் அளவு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 60-க்கு 3600, 25-க்கு 625. பழைய அடியையே பம்ப் ஸ்டாப்பைத் தொடாமல் வாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் 5.8 மடங்கு கடினமாக வேண்டும். சந்தையில் கிடைப்பதோ 15 முதல் 30 சதவீதம் கடினம். ஆகவே லோயரிங் ஸ்பிரிங் போட்ட காரில் பம்ப் ஸ்டாப் அடிக்கடி வேலை செய்யும். அது உடைந்த பழைய நுரையாக இருந்தால் அடி நேராக ஷாக்கின் வால்வுக்கும் மேல் மவுண்ட்டுக்கும் போகும்.

உங்கள் காரில் எவ்வளவு ஓட்டம் மிச்சம் என்று ஒரு கேபிள் டை சொல்லிவிடும். தூசு உறையைத் தூக்கி, ஷாக்கின் பளபளப்பான தண்டில் அதை இறுக்கமாகக் கட்டுங்கள். நழுவ வேண்டும், தானாக விழக் கூடாது. ஷாக்கின் உடலோடு ஒட்டும்படி கீழே தள்ளிவிட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு நீங்கள் தினமும் போகும் சாலையில் போய் வாருங்கள். திரும்பி வந்து ஆட்களை இறக்கியபின் ஷாக்கின் உடலுக்கும் கேபிள் டைக்கும் உள்ள தூரத்தை அளந்தால் அது ஷாக் மேலேறிய ஓட்டம். உடலிலிருந்து பம்ப் ஸ்டாப்பின் அடிவரை உள்ள தூரத்தையும் அளந்து, அதிலிருந்து இந்த ஓட்டத்தைக் கழியுங்கள். கையில் வரும் எண்தான் நீங்கள் இறக்கக்கூடிய அளவின் உச்சம். புதிய ஸ்பிரிங் கடினம் என்பதால் சில மி.மீ. சலுகை தரலாம், அதற்கு மேல் வேண்டாம்.

25 மி.மீ. வரை நல்ல நிலையில் உள்ள கம்பெனி ஷாக் தாங்கும். 30-ஐத் தாண்டினால் உடல் குட்டையான ஷாக் வாங்குவதே சரி. பில்ஸ்டீனில் பி8 இதற்கென்றே செய்தது; பி6 கம்பெனி உயரத்துக்கானது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 60,000 கி.மீ. தாண்டிய ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங்கை ஏற்றுவது இரட்டைக் கூலி. சில மாதங்களில் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் போதும், 500 ரூபாயில் முடியும் என்கிறார் மெக்கானிக். (சேலம்)

வேண்டாம். 6 சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் 20 சதவீதம் கடினமாகும். அதுவரை கணக்கு சரி. ஆனால் கேஸ் வெட்டில் சூடான இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பின்னர் அங்கேதான் முறியும். நுனி தட்டில் சரியாக உட்காராது. இதைவிட மோசம், காரை ஜாக்கில் தூக்கினாலோ ஒரு சக்கரம் ஆழமான பள்ளத்தில் தொங்கினாலோ ஸ்பிரிங் தளர்ந்து தட்டை விட்டு நழுவும். கடையில் வாங்கும் எந்த ஸ்பிரிங்குக்கும் இதே பரிசோதனை உண்டு: சக்கரம் முழுவதும் தொங்கும்போது கையால் ஸ்பிரிங்கைத் திருப்பிப் பாருங்கள். ஆடினால் திருப்பிக் கொடுங்கள்.

ஸ்விஃப்ட், 205/45 ஆர்17. ஸ்பிரிங் மாற்றியபின் தனியாக ஓட்டும்போது ஒன்றுமில்லை. குடும்பத்தோடு போனால் பின்னால் உரசுகிறது. ஃபெண்டரை மடக்கிவிடலாமா? (திருச்சி)

மடக்குவதற்கு முன் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடியுங்கள். டயரின் வெளித்தோளில் கோடு விழுந்திருந்தால் ஃபெண்டர் விளிம்பு. தரையில் படும் பகுதியில் மட்டும் பளபளப்பு இருந்தால் மேலே உள்ள பிளாஸ்டிக் லைனர். உள்பக்கச் சுவரில் கோடு என்றால் ஷாக் அல்லது பீம்; அதற்கு ஃபெண்டரை மடக்கி ஒரு பயனும் இல்லை. தெரியாவிட்டால் விளிம்பின் உள்பக்கம் சாக்பீஸ் தடவி, டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை ஏற்றி ஒரு சுற்று போய்ப் பாருங்கள்.

விளிம்புதான் காரணம் என்றால் மடக்கலாம். பெயிண்ட்டை ஹீட் கன்னால் சூடாக்கிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக. குளிர்ந்த தகட்டில் மடக்கினால் பெயிண்ட் வெடித்து, மழைக்காலத்தில் அங்கிருந்து துரு ஆரம்பிக்கும். ஆனால் பாரம் ஏற்றினால் மட்டும் உரசுகிறது என்றால் பின் ஸ்பிரிங்தான் மிருது. முன்னால் 30, பின்னால் 20 மி.மீ. இறங்கும் செட்டாக மாற்றுவது நல்ல வழி. நம் ஊரில் கார் வாங்குவதே ஐந்து பேர் போகத்தானே. உங்கள் டயர் விட்டம் 616 மி.மீ., கம்பெனி அளவான 185/65 ஆர்15-க்கு 621. ஆகவே விட்டத்தின் மீது பழி இல்லை, அகலமும் ஆஃப்செட்டும்தான்.

35 மி.மீ. இறக்கினால் வேகத்தடை ஏறுமா? கம்பெனி கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ. (கோவை)

இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி கட்டிய வேகத்தடை என்றால் ஏறும். அதன் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். உங்கள் காரின் இரு அச்சுகளுக்கும் இடையே சுமார் 2.5 மீட்டர், கார் நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் தடையின் மேலேயே இருக்கும். அச்சுகளை இணைக்கும் கோட்டுக்கு மேல் தடை துருத்துவது வெறும் 46 மி.மீ. 165-இல் 35 போக 130. ஐந்து பேர் ஏறி இன்னும் 40 அமுங்கினாலும் 90 மிச்சம். தாராளம்.

அடிப்பது ஊருக்குள் தெருக்காரர்கள் தாங்களாகவே போட்ட கூர்மையான தடைதான். 15 செ.மீ. உயரம், முக்கால் மீட்டர் அகலம் என்றால் சக்கரங்கள் இருபுறமும் தரைக்கு இறங்கிவிடும், தடை முழு 150 மி.மீ.யும் வயிற்றுக்குக் கீழே நிற்கும். 90-ஐ வைத்துக்கொண்டு அதைக் கடக்க வழியில்லை. ஐந்து பேர் ஏறினால் கம்பெனி உயரத்திலேயே அது உரசும் தடை. நீங்கள் அன்றாடம் தாண்டும் தடைகளில் மோசமான ஒன்றை டேப் வைத்து அளந்துவிட்டு முடிவெடுங்கள். சைலன்சர் பெட்டியும் எஞ்சின் அடித்தகடும்தான் முதலில் மாட்டும்.

ஸ்பிரிங் மாற்றியதும் அலைன்மென்ட் பார்த்தேன், 2,000 கி.மீ.யில் முன் டயரின் உள்விளிம்பு தேய்ந்துவிட்டது. (ஈரோடு)

மாற்றிய அன்றே பார்த்ததுதான் காரணமாக இருக்கும். புது ஸ்பிரிங் முதல் 500 கி.மீ.க்குள் இன்னும் சில மி.மீ. இறங்கும், இறங்க இறங்க டை ராட்டின் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) கோணம் மாறி டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) விலகும். உள்விளிம்பை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோதான். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) ஒரு டிகிரி கூடியதற்கு இவ்வளவு வேகமாகத் தேயாது. மறுபடி பாருங்கள், டோ அளவைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். கேம்பர் இடமும் வலமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் கேம்பர் போல்ட் போடச் சொல்லுங்கள். பின் பீமில் சரிசெய்ய எதுவும் இல்லை. அதற்கும் சேர்த்துக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

லோயர் ஆர்மையும் (சக்கரத்தைக் கீழே காரோடு இணைக்கும் கை) ஒருமுறை குனிந்து பாருங்கள். கார் நிற்கும்போது அது சக்கரத்தை நோக்கி மேலே சாய்ந்திருந்தால் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள். ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போயிருக்கும். தாழ்ந்த கார் வளைவில் முன்னைவிட அதிகம் சாயும்.

போலீஸ், இன்ஷூரன்ஸ் தொந்தரவு வருமா? (சென்னை)

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றில் உள்ளவை மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் மாடலின் உயர் ரகத்துக்கு கம்பெனியே தரும் டயர் அளவுக்குள் நிற்பது பாதுகாப்பானது. மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்டுபிடித்தால் கிளெய்மில் இழுபறிதான்.

பட்டறையில் மாட்டும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்? (வேலூர்)

ஸ்பிரிங்கில் அச்சிட்ட எழுத்து நேராகப் படிக்கும்படி இருக்க வேண்டும். தலைகீழ் என்றால் ஸ்பிரிங்கும் தலைகீழ். நுனி தட்டின் படியில் முட்டி நிற்க வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸரை இம்பாக்ட் கன்னால் திருகினால் நிறுத்தச் சொல்லுங்கள், அதன் மரை பிய்ந்தால் ஸ்பிரிங் ஆளை அடிக்கும். மேல் மவுண்ட் பேரிங்கையும் பம்ப் ஸ்டாப்பையும் அதே கூலியில் மாற்றிவிடுங்கள்.

புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர்) போல்ட்டுகளைக் காரைத் தூக்கி வைத்தபடியே இறுக்கிவிடுவதுதான் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு. தொங்கும் நிலையில் இறுக்கிய ரப்பர் கார் தரையில் நின்றதும் முறுக்கிக்கொண்டு, சில மாதங்களில் கிழியும். முதலில் கையளவு மட்டும் முடுக்கச் சொல்லி, சக்கரத்தைத் தரையில் வைத்து, காரை நாலு முறை அமுக்கிவிட்டு, அதன் பிறகு டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட் உயரத்தையும் சரிபார்த்து வண்டியை எடுங்கள். முன்பக்கம் அதிகம் இறங்கியிருந்தால் வெளிச்சம் பம்பருக்கு முன்னாலேயே விழும்.