கெண்டைக்கால் பிடிப்புக்கு மெக்னீசியம்: வாங்கும் முன் கிரியேட்டினின் பாருங்கள்

கேள்வி: திருமங்கலத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். வயது 56. பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு டெல்மிசார்டன்-எச், காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் என்ற கேஸ் மாத்திரை சாப்பிடுகிறேன். கேஸ் மாத்திரை மட்டும் நாலு வருடமாக ஓடுகிறது. ராத்திரியில் கெண்டைக்கால் சதை சுண்டி இழுத்து உயிர் போகிறது. பாதமும் எரிகிறது. நாத்தனார் மகள் ஒரு கம்பெனியில் சேர்ந்து இயற்கை மாத்திரைகள் விற்கிறாள். மெக்னீசியம், மஞ்சள் கேப்சூல், மூட்டுவலிப் பொடி மூன்றும் சேர்த்து மாதம் 4,600 ரூபாய். இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். முட்டி வலி மூன்றே நாளில் போய்விட்டது. ஆனால் சர்க்கரை ஏறிவிட்டது. ‘கழிவு வெளியேறுது அத்தை, அப்படித்தான் இருக்கும். இங்கிலீஷ் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுருங்க’ என்கிறாள். மெக்னீசியத்தைத் தொடரலாமா? இயற்கை என்பதால் பக்கவிளைவு இருக்காதுதானே?

பதில்: அம்மா, நீங்கள் மெக்னீசியத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பயம் அந்தப் பொடியைப் பற்றித்தான். எனவே முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

பல வருடமாகத் தேய்ந்த முட்டியில் வலி மூன்று நாளில் மாயமாகிறது என்றால், எந்த மூலிகையும் அந்த வேகத்தில் வேலை செய்யாது. அந்த வேகம் ஸ்டீராய்டுக்கு உண்டு, டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைக்கு உண்டு. இரண்டையும் அரைத்துப் பச்சைப் பொடியோடு கலந்து ‘மூலிகை’ என்று விற்பது நம் நாட்டில் புதிதல்ல. நீங்கள் அனுப்பிய படத்தில் மெக்னீசியம் டப்பாவில் பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கின்றன. பொடிப் பாக்கெட்டில் ஒரு முதியவர் சிரித்தபடி மாடிப்படி ஏறுகிறார், ‘அரிய மூலிகைகள்’ என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். என்ன மூலிகை, எவ்வளவு, எங்கே தயாரித்தது, உரிமம் எண் என்ன, ஒன்றும் இல்லை. முறையாகத் தயாரித்த சித்த மருந்தாக இருந்தால் இத்தனையும் அச்சாகி இருக்க வேண்டும். சித்த மருந்து வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள். நான் குறை சொல்வது சித்தத்தை அல்ல.

சர்க்கரை ஏறியது கழிவு வெளியேறுவதால் அல்ல. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், பிரஷரையும் ஏற்றும். முகம் உப்பலாகியிருக்கிறதா, பசி கூடியிருக்கிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். இதைப் படித்ததும் பொடியைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால், உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்குவது என்று படுக்கையில் தள்ளிவிடும். பாக்கெட்டோடு நாளைக்கே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். மெட்ஃபார்மினையும் பிரஷர் மாத்திரையையும் யார் சொன்னாலும் விடாதீர்கள். அதை விடச் சொல்லும் உரிமை விற்பனைக்கு வந்தவருக்குக் கிடையாது.

சரி, மெக்னீசியத்துக்கு வருவோம்.

நம் உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில், மீதியில் பெரும்பகுதி சதைகளில். ரத்தத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சுருங்கிய சதை மறுபடி தளர்வதில் இதற்குப் பங்கு உண்டு. அதனால் ‘சதை பிடித்தால் மெக்னீசியம்’ என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் அவ்வளவு உற்சாகம் தரவில்லை. அவற்றையெல்லாம் தொகுத்து மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் என்ற சர்வதேசக் குழு 2020ல் வெளியிட்ட அலசலில், வயதானவர்களின் கால் பிடிப்புக்கு மெக்னீசியம் சொல்லிக்கொள்ளும்படி பலன் தருவதாகத் தெரியவில்லை. ஒற்றைத் தலைவலியைத் தடுக்க மருத்துவர்கள் இதை எழுதுவதுண்டு, அது வேறு கதை. உடம்பில் உண்மையிலேயே மெக்னீசியம் குறைந்திருப்பவருக்கு மட்டும் மாத்திரை நன்றாகவே கேட்கும்.

உங்களுக்குக் குறைந்திருக்கலாம். அதற்குக் காரணம் உங்கள் மாத்திரைச் சீட்டிலேயே இருக்கிறது. பான்டோப்ரசோல் வகைக் கேஸ் மாத்திரையை ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் சிலருக்கு மெக்னீசியம் குறையும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லேயே இதை எச்சரித்துவிட்டது. டெல்மிசார்டனுக்குப் பின்னால் நிற்கும் ‘எச்’ ஒரு நீர் மாத்திரை. அது மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் சிறுநீரில் வெளியேற்றும். கட்டுப்படாத சர்க்கரையும் அதையே செய்யும். இத்தனையும் நடந்துகொண்டிருக்க, மேலே மேலே மெக்னீசியம் வாங்கிச் சாப்பிடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. போதாததற்கு, மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும். பாத எரிச்சலுக்கு முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பையும் பி12ஐயும்தான். மெக்னீசியம் அதற்குப் பதில் இல்லை.

அந்தக் கேஸ் மாத்திரையை முதலில் யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. ஏதோ ஒரு காய்ச்சலுக்குப் பத்து நாள் எழுதியிருப்பார்கள். அடுத்த மருத்துவர் பழைய சீட்டைப் பார்த்து அப்படியே மறுபடி எழுதியிருப்பார். அதற்கடுத்து மெடிக்கலில் அட்டையைக் காட்டியே வாங்கியிருப்பீர்கள். எங்கள் தொழிலில் மாத்திரை ஆரம்பிக்க ஆள் உண்டு, நிறுத்த ஆள் இல்லை. ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் என்று ஓடுகிற ஓ.பி.யில் எந்த மருத்துவர் சீட்டை மேலிருந்து கீழ்வரை படிக்கிறார்? எதையும் முழுதாகக் கேட்காத எங்களைவிட, உட்கார்ந்து காப்பி குடித்து ஒரு மணி நேரம் பேசும் நாத்தனார் மகளை நீங்கள் நம்பியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இப்போது நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: சிறுநீரகம். நல்ல சிறுநீரகம் உள்ளவர் கொஞ்சம் கூடுதலாக மெக்னீசியம் சாப்பிட்டால், அதிகபட்சம் வயிறு இளகும், மீதி சிறுநீரில் போய்விடும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அது போக வழியில்லாமல் ரத்தத்தில் சேரும். குமட்டல், தலைசுற்றல், கை கால் தளர்ச்சி, பிரஷர் இறங்குவது, நாடித்துடிப்பு குறைவது என்று படிப்படியாகப் போய் இதயத்தைத் தொடும். உங்களுக்குப் பத்து வருடச் சர்க்கரை, பிரஷரும் உண்டு. இந்த இரண்டும்தான் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கெடுப்பவை.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனைதான் கிரியேட்டினின். ‘கிரியேட்டினின் பார்த்தாச்சு, 1.3தான், லேசாக் கூட இருக்கு, பரவாயில்லை’ என்று ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்துவிடுவார்கள். பரவாயில்லை இல்லை அம்மா. 56 வயதுப் பெண்ணுக்கு 1.3 என்றால், சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்கிடும்போது அது 48 அளவில்தான் வரும். அந்தக் கணக்கின் பெயர் இ.ஜி.எஃப்.ஆர். 90க்கு மேல் இருந்தால் நல்லது. 60க்குக் கீழே என்றால் மருத்துவரைக் கேட்காமல் மெக்னீசியம் வேண்டாம். 30க்குக் கீழே என்றால் பேச்சே கிடையாது. மாத்திரை மட்டுமல்ல, மலச்சிக்கலுக்கு வாங்கும் மில்க் ஆஃப் மெக்னீசியா, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளைச் சிரப், இவற்றிலும் மெக்னீசியம்தான் இருக்கிறது. பேதிக்கு உப்பு என்று வாங்கிக் கலக்கிக் குடிப்பதும் அதே சரக்குதான். அந்த உப்பை வெந்நீரில் போட்டுக் கால் ஊற வைத்தால் சுகமாக இருக்கும். அந்தச் சுகம் வெந்நீருடையது, தோல் வழியாக மெக்னீசியம் உள்ளே போய்விடுகிறது என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை.

இன்னொன்று. முட்டி வலி கூடும் நாளில் மெடிக்கலில் ‘வலிக்கு ஒரு செட் குடுங்க’ என்று வாங்கும் பழக்கம் உண்டா? அந்தக் காகிதப் பொட்டலத்தில் வலி மாத்திரை கட்டாயம் இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவர் அதன் மேல் டைக்ளோஃபினாக்கும் போட்டால், சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி.

இனி அந்த டப்பா. முன்பக்கம் பெரிதாக ‘மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.’ என்று இருக்கிறது. பின்பக்கம் எறும்பு எழுத்தில் எலமென்டல் மெக்னீசியம் 140 மி.கி. என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் பொய்யில்லை. உப்பின் மொத்த எடை ஒன்று, அதில் உள்ள மெக்னீசியம் இன்னொன்று. பின்பக்க எண்தான் கணக்கு. ஆக்ஸைடு என்று போட்டிருந்தால் பின்பக்க எண் பெரிதாக இருக்கும், ஆனால் உடம்பில் சேர்வது குறைவு, வயிற்றால் போவது அதிகம். அதே டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். சட்டப்படி இது உணவுக் கணக்கில் வரும் சரக்கு, பதினான்கு இலக்க உணவு உரிம எண் அதற்காகத்தான். அத்தியாவசிய மருந்துகளுக்கு அரசு உச்ச விலை வைக்கிறது, இதற்கு அப்படி இல்லை. டப்பாவில் மருந்தில்லை என்று எழுதிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து சர்க்கரைக்கே மருந்து என்று பேசி விற்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். சர்க்கரையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்து என்ன? இது மருந்தா, உணவா, நாட்டு வைத்தியமா, யார் ஆய்வு செய்ய வேண்டும் என்று முடிவாவதற்குள் அந்தப் பொடி பெயர் மாற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும்.

மஞ்சள் கேப்சூலை நிறுத்திவிடுங்கள். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, சாற்றைச் செறிவாக்கி, நன்றாக உறிஞ்ச மிளகுச் சத்தும் சேர்த்த கேப்சூல் வேறு. இப்படிப்பட்டவற்றால் கல்லீரல் வீங்கியவர்கள் உண்டு. அடுத்த மாதம் மூட்டுவலிக்கென்று குளுக்கோசமைன் மாத்திரை கொண்டு வருவாள் என்று நினைக்கிறேன். அது பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. அமெரிக்காவில் நடந்து 2006ல் வெளியான பெரிய ஆய்வில், மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். எல்லா மாத்திரை அட்டைகள், டப்பா, பொடி, பழைய சீட்டு அனைத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். கிரியேட்டினின், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், பி12, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கிரியேட்டினினை அரசு மருத்துவமனையிலேயே காசில்லாமல் பார்க்கலாம். மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி வரை வர வேண்டியதில்லை, திருமங்கலத்திலேயே முடியும். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் என்று நாற்பது எண்கள் அடங்கிய ரிப்போர்ட் வேண்டாம். பல பேக்கேஜில் மெக்னீசியமும் பி12ம் இருப்பதே இல்லை. ரத்தத்தில் மெக்னீசியம் குறைவு என்று வந்தால் அது உண்மையான குறைவு. சரியாக இருக்கிறது என்று வந்தால், குறைவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது, பெரும்பகுதி எலும்பிலும் சதையிலும் அல்லவா இருக்கிறது. அப்புறம் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: ‘இந்தக் கேஸ் மாத்திரை எனக்கு இன்னும் வேணுமா? எச் இல்லாத பிரஷர் மாத்திரை சரிப்படுமா?’ நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து நின்றால் விடுகிறதா, ஒரு கால் மட்டும் வீங்குகிறதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அது ரத்தக்குழாய் சமாச்சாரம்.

காலை நாலு மணியிலிருந்து இட்லிச் சட்டி முன் நிற்கிறவர் நீங்கள். இடையிடையே ஸ்டூல் போட்டு உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் கெண்டைக்காலை நீட்டுங்கள். பிடித்துக்கொண்டால் பாதவிரல்களைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். கேழ்வரகிலும் கம்பிலும் நூறு கிராமுக்கு 120 மி.கி.க்கு மேல் மெக்னீசியம் உண்டு. தீட்டிய அரிசியில் அதில் கால்பங்கும் இருக்காது. எள்ளு, நிலக்கடலை, உளுந்து, கீரையிலும் நிறைய உண்டு. கம்பு நல்லதென்று சர்க்கரைக்காரர் கும்பா நிறையக் கூழ் குடிக்கக் கூடாது, அளவு வேண்டும்.

சிறுநீரகம் நன்றாக இருந்து, மருத்துவரும் சரி என்றால், மெக்னீசியத்தை மட்டும் தனியாக வாங்குங்கள். பின்பக்க எண்ணில் நாளுக்கு 200 மி.கி. போல, இரவு சாப்பாட்டுக்குப் பின். தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதற்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி விடுங்கள். ஆன்டிபயாட்டிக் ஏதாவது சாப்பிடும் நாட்களில் மெக்னீசியத்தை நிறுத்தி வையுங்கள். ஒரு மாதம் பாருங்கள், இரவில் எத்தனை தடவை பிடித்தது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். முன்பைப் போலவே இருந்தால் இரண்டாவது டப்பா வாங்காதீர்கள். ‘நீங்களும் மெம்பராச் சேர்ந்து நாலு பேரைச் சேர்த்துவிட்டா உங்க மாத்திரை இலவசம்’ என்று நாத்தனார் மகள் ஆரம்பித்தால், அப்படி ஆள் சேர்த்து ஓட்டும் பிரமிடு வியாபாரத்தை 2021 நேரடி விற்பனை விதிகள் தடை செய்திருக்கின்றன என்று சொல்லுங்கள். இதுவரை வாங்கியதற்கு அவளிடம் பில் கேட்டு வாங்கி, அதையும் அந்தப் பையில் போடுங்கள்.